வானில் 38 கிலோமீட்டர், சாலையில் 170

நோர்வே நாட்டின் வடகிழக்குக் கோடியில், வராங்கர் என்னும் அகன்ற கடற்கழியின் வடகரையில் வாட்சோ என்ற சிறு நகரமும், தென்கரைக்கு அப்பால் கிர்கெனெஸ் என்ற மற்றொரு சிறு நகரமும் இருக்கின்றன. இரண்டுக்கும் தனித்தனியே விமான நிலையங்கள் உண்டு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நேர்கோடு இழுத்து அளந்தால் சுமார் 38 கிலோமீட்டர் வரும். ஆனால் அதே இரு ஊர்களுக்கிடையே மோட்டார் வண்டியில் போக விரும்புகிறவர், தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதுபோல, கரையோரமாக மேற்கே வெகுதூரம் சென்று, கழியின் முனையை வளைந்து, மறுபடியும் கிழக்கு நோக்கித் திரும்பி, ஏறத்தாழ 170 கிலோமீட்டரைக் கடந்தாக வேண்டும். விமானத்துக்கு ஆவது கால்மணிக்குச் சற்று அதிகம். வண்டிக்கு நல்ல பருவத்திலேயே ஏறக்குறைய இரண்டரை மணி. பனிப்புயல் அடிக்கும் நாளில் எத்தனை மணி என்பதை அந்த ஊர்க்காரர்களே முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள்.

ஒஸ்லோவில் இருந்துகொண்டு அந்த நாட்டின் விமான அட்டவணையைப் பார்க்கிற எவருக்கும், இப்படிப்பட்ட ஜோடி ஊர்கள் ஒன்றல்ல, பல கண்ணில் படும். வார்டோவிலிருந்து போட்ஸ்பியோர்டுக்கு வான்வழியில் 57 கிலோமீட்டர். சாலையிலோ ஏறத்தாழ 250. மலைகளையும் கடற்கழிகளையும் இயற்கை எங்கே வைத்ததோ அங்கேதான் அவை இருக்கின்றன. அவற்றைக் கடக்க ஒரு மனிதனுக்கு எத்தனை நேரம் ஆக வேண்டும் என்பதை மாத்திரம் அந்த நாட்டு ஜனங்கள் தாங்களே கூடித் தீர்மானித்திருக்கிறார்கள். இரண்டு சிறிய விமான நிலையங்களுக்கு இடையே உள்ள தூரத்தையும் நேரத்தையும் பற்றிப் பேசும்போது நாம் மனத்தில் இருத்த வேண்டிய முதல் விஷயம் இதுவே.

முதலில் தூரத்தின் கணக்கைப் பார்ப்போம். பூமி உருண்டையாக இருப்பதால், அதன் மேற்பரப்பில் இரண்டு இடங்களுக்கு இடையே மிகக் குறுகிய பாதை என்பது, பூமியின் மையத்தையும் அவ்விரு இடங்களையும் சேர்த்து ஒரு தளத்தால் அறுத்தால் மேற்பரப்பில் விழும் வட்டத்தின் ஒரு பகுதியாகும். விமானங்களின் தூரமெல்லாம் இந்தப் பெருவட்டத்தின்மேல்தான் கணக்கிடப்படுகிறது. சுவரில் மாட்டியிருக்கும் சமதளப் படமோ, துருவத்தை நெருங்க நெருங்க நிலப்பரப்பைக் கிழக்கு மேற்காக இழுத்துக் காட்டி, நம் கண்ணை ஏமாற்றிவிடும். சென்னையின் அட்சரேகையில் ஒரு பாகை தீர்க்கரேகைக்கு 108 கிலோமீட்டர் அகலம் உண்டு; வாட்சோ இருக்கும் 70ஆம் பாகையை அடைவதற்குள் அது வெறும் 38 கிலோமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. ஆகவே, படத்தில் மிக விலகித் தோன்றும் வடகோடி ஊர்கள் உண்மையில் அவ்வளவு விலகி இருப்பதில்லை.

அப்படிச் சுருக்கிக் கணக்கிட்டபோதிலும் நோர்வே நீண்ட நாடு. தலைநகர் ஒஸ்லோவின் கார்டர்மூன் விமான நிலையத்திலிருந்து மேற்குக் கரையின் பேர்கனுக்கு 325 கிலோமீட்டர். வடக்கே ட்ரோம்சோவுக்கு ஏறத்தாழ 1,120. கிர்கெனெஸுக்கு ஏறத்தாழ 1,370. இந்தக் கடைசித் தூரம், சென்னையிலிருந்து கல்கத்தாவுக்கு உள்ள வான்தூரத்துக்கு ஏறக்குறையச் சமம். கல்கத்தாவுக்கு நம்மவர் ரயிலில் போகலாம். கிர்கெனெஸுக்கு ரயில் கிடையாது. நோர்வேயின் வடக்கு ரயில் பாதை 1962இல் பூடோ நகரம் வரை வந்து நின்றது, இன்றுவரை அதற்கு அப்பால் நகரவில்லை. சாலையில் போவதானால், ஸ்வீடனுக்குள்ளும் பின்லாந்துக்குள்ளும் குறுக்கே புகுந்து போனாலும் சுமார் 1,800 கிலோமீட்டர். கப்பலில் போவதானால், 1893 முதல் கரையோர மக்களுக்கு உயிர்நாடியாக இருந்துவரும் அஞ்சல் கப்பல், பேர்கனில் புறப்பட்டு ஏழாம் நாள் காலையில்தான் கிர்கெனெஸை அடைகிறது. இந்த ஏழு நாளை இரண்டு மணிச் சொச்சமாகக் குறைத்தது விமானம்.

தூரம் தெரிந்துவிட்டால் நேரமும் தெரிந்துவிடும் என்று சாதாரணமாக நாம் நினைக்கிறோம். விமானப் பிரயாணத்தில் அது பொருந்துவதில்லை. பெரிய ஜெட் விமானம் உயரே சமநிலையில் பறக்கும்போது மணிக்கு 800 கிலோமீட்டருக்குக் குறையாத வேகத்தில் போகிறது. அந்தக் கணக்கில் ஒஸ்லோவிலிருந்து பேர்கனுக்கு 25 நிமிஷம்கூட ஆகக் கூடாது. அட்டவணையோ ஏறத்தாழ 55 நிமிஷம் என்கிறது. அதே கணக்கில் ட்ரோம்சோவுக்கு 84 நிமிஷம் போதும். அட்டவணையில் காண்பது ஏறத்தாழ 1 மணி 50 நிமிஷம். இரண்டிலும் மிகுதியாக நிற்பது ஏறக்குறைய அரைமணி என்பதைக் கவனிக்க வேண்டும். பயணிகள் ஏறிய பின்பு நிறுத்துமிடத்தை விட்டு விமானம் அசையும் கணம் முதல், சென்று சேர்ந்த ஊரில் நிறுத்துமிடத்தில் நிலைகொள்ளும் கணம் வரை உள்ள நேரத்தையே அட்டவணை குறிக்கிறது. அதில், ஓடுபாதைவரை ஊர்ந்து செல்வதும், முறை வரக் காத்திருப்பதும், மெல்ல மேலேறுவதும், காற்றின் திசையைப் பார்த்து வளைந்து இறங்குவதும், இறங்கிய பிறகு மீண்டும் ஊர்வதும் அடங்கிவிடுகின்றன. தூரம் குறைவாயிருப்பினும் அதிகமாயிருப்பினும் இந்த அரைமணிக் கட்டணத்தைக் காலத்தின் நாணயத்தில் கட்டியே தீர வேண்டும். ஆகையால் பிரயாணம் எவ்வளவு குறுகியதோ, அவ்வளவுக்கு அதில் உண்மையாகப் பறக்கும் பங்கு குறைந்துவிடுகிறது.

இதோடு காற்றும் சேர்ந்துகொள்கிறது. அந்த அட்சரேகைகளில் மேல்வானத்துக் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காக வீசுவதால், பேர்கனை நோக்கிப் போகும் விமானம் அதை எதிர்த்துப் போகிறது. திரும்பி வருவது அதன் துணையோடு வருகிறது. மாரிக்காலத்தில் இன்னொரு தாமதமும் உண்டு. இறக்கையின்மேல் உறைபனி ஒரு மெல்லிய படலமாகப் படிந்திருந்தாலும் அது காற்றோட்டத்தைக் கெடுத்து விமானத்தைத் தூக்கும் சக்தியைக் குறைத்துவிடுமாதலால், கார்டர்மூனில் பயணிகள் அமர்ந்த பிறகு, நீண்ட கைபோன்ற குழாயுடைய வண்டிகள் இருபுறமும் வந்து நின்று, சூடான செம்மஞ்சள் நிறத் திரவத்தைப் பீச்சிப் பனியைக் கரைக்கின்றன. பனி தொடர்ந்து பெய்துகொண்டிருந்தால், மறுபடி படியாமலிருக்கக் கெட்டியான பச்சைத் திரவம் ஒன்றையும் மேலே பூசுகின்றன. ஜன்னலோரத்தில் இருப்பவர், கண்ணாடிமேல் அந்தத் திரவம் வழிந்து இறங்குவதையும், அதனூடே விளக்குகள் கலங்கித் தெரிவதையும் பார்த்துக்கொண்டே சில நிமிஷங்களைக் கழிக்கிறார். அது வீணான தாமதம் அல்ல.

இனி சிறிய நிலையங்களுக்கு வருவோம். வட நோர்வேக்கும் வானுக்கும் உள்ள உறவு பழையது. 1926ஆம் ஆண்டு வட துருவத்தைக் கடந்து பறந்த ‘நோர்கே’ என்னும் ஆகாயக் கப்பல், ஏப்ரலில் ஒஸ்லோவில் தங்கி, லெனின்கிராடு மார்க்கமாக மே மாதம் வாட்சோவை அடைந்தது. அதைக் கட்டி நிறுத்துவதற்காக நாட்டிய இரும்புக் கம்பம் இன்றும் அங்கே நிற்கிறது. ஆனால் ஊர் ஜனங்கள் தினமும் ஏறிப் போகக்கூடிய விமானம் வருவதற்கு மேலும் பல ஆண்டுகள் பிடித்தன. கிர்கெனெஸின் ஓடுபாதை இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மானியர் அமைத்தது. 1963இல்தான் அது பொதுமக்களின் பிரயாணத்துக்குத் திறந்தது. மற்ற கரையோர ஊர்களில் கடல்விமானங்களே நீரில் வந்து இறங்கின.

பெரிய ஓடுபாதை அமைக்க மலை இடந்தராது, சிறிய ஊருக்குப் பெரிய விமானம் தேவையும் இல்லை என்ற இரண்டு உண்மைகளையும் ஒருசேர ஏற்றுக்கொண்டு, சுமார் 800 மீட்டர் நீளமே உள்ள குறும் ஓடுபாதைகளை அரசாங்கம் கட்டத் தொடங்கியது. 1968இல் நாட்டின் நடுப்பகுதிக் கரையோரத்தில் நான்கு ஊர்கள் அவற்றைப் பெற்றன. 1934இல் விக்கோ விடரோ நிறுவிய விடரோ விமானக் கம்பெனி, 19 பேர் அமரக்கூடிய ட்வின் ஒட்டர் விமானங்களை அங்கே ஓட்டியது. 1974இல் வாட்சோ, ஹம்மர்பெஸ்ட், மேஹாம்ன், பேர்லெவோக் முதலான பின்மார்க் பிரதேசத்து ஊர்களுக்கும் அந்தப் பாக்கியம் கிட்டியது. கார்டர்மூனின் நீண்ட ஓடுபாதை 3,600 மீட்டர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், 800 மீட்டர் எவ்வளவு சிறிது என்பது விளங்கும்.

இன்று அந்த ஓடுபாதைகளில் இறங்குவது, 39 பேர் அமரும் டாஷ் 8 என்னும் சுழல்விசிறி விமானம். சக்கரம் தரையைத் தொட்டதும் விசிறிகளின் இதழ்கள் திசைமாறி எதிர்க்காற்றை எழுப்பிப் பிடித்து நிறுத்துகின்றன. உடல் முன்னே சாய, பார்வையில் கடல் பெரிதாகிக்கொண்டே வர, அது வந்து சேர்வதற்குள் விமானம் நின்று திரும்பிவிடுகிறது. கதவே கீழே மடங்கிப் படிக்கட்டாகிறது. இறங்குகிறவர் காற்றில் குனிந்தபடி சில அடிகள் நடந்தால் நிலையத்தின் உள்ளே இருப்பார். சிலர் இறங்க, சிலர் ஏற, விமானம் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடும். பெரிய நிலையத்தின் ஊர்தலும் காத்திருத்தலும் இங்கே இல்லாததால், முன்பு சொன்ன அரைமணிக் கட்டணம் சில நிமிஷங்களாகக் குறைகிறது. 38 கிலோமீட்டருக்கு விமானம் என்பது அறிவுக்குப் பொருந்துவதும் அதனால்தான்.

இவ்வளவு சிறிய தூரத்துக்கு இத்தனை ஏற்பாடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு, கிழக்கு பின்மார்க்கின் ஆஸ்பத்திரி கிர்கெனெஸில் இருக்கிறது என்பதே போதிய பதிலாகும். பின்மார்க் பரப்பில் டென்மார்க்கைவிடப் பெரியது. அதில் வாழ்பவர்களோ ஏறத்தாழ 75,000 பேர். ஆஸ்பத்திரி நகரங்கள் இரண்டே, ஹம்மர்பெஸ்டும் கிர்கெனெஸும். பிரசவம் நெருங்கிய வாட்சோப் பெண்ணுக்கும், மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த மீனவருக்கும், கடற்கழியைச் சுற்றி வரும் அந்த 170 கிலோமீட்டர் எத்தகையது என்பதை விவரிக்க வேண்டியதில்லை. நோயாளர் விமானங்கள் கிர்கெனெஸிலேயே ஆயத்தமாக நிற்கின்றன. அவை இறங்குவதும் இந்தக் குறும் ஓடுபாதைகளில்தான். நவம்பர்க் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதிவரை சூரியன் தலைகாட்டாத அந்த இருட்டில், ஓடுபாதையின் இருமருங்கும் எரியும் விளக்குகள் ஊரின் தைரியம் என்றே சொல்ல வேண்டும்.

இந்தப் பிரதேசத்தோடு தமிழர்களுக்கும் ஒரு நெருங்கிய பந்தம் உண்டு. 1956இல் யாழ்ப்பாணத்துக் குருநகரைச் சேர்ந்த அன்ரனி ராஜேந்திரம் நோர்வேக்கு வந்தார். பின்னர் 1980களில் ஈழத்தில் யுத்தம் மூண்டபோது வந்து சேர்ந்த நம்மவர் பலர், வேலை கிடைத்த இடமான பின்மார்க்கின் மீன் பதனிடும் ஆலைகளுக்கே நேரே போனார்கள். பனைமரமும் உப்புக்காற்றும் பழகிய அவர்கள், மரமே இல்லாத குன்றுகளுக்கும் மாதக்கணக்கான இருளுக்கும் நடுவே நின்று மீனை வெட்டிச் சுத்தம் செய்து குடும்பங்களை நிலைநிறுத்தினார்கள். பிறகு பிள்ளைகளின் படிப்பையும், தமிழ்ப் பாடசாலையையும், உறவினரின் அண்மையையும் நாடி அவர்களில் பெரும்பாலோர் ஒஸ்லோவுக்குக் குடிபெயர்ந்தார்கள். 2015 முதல் 2021 வரை ஒஸ்லோவின் துணை மேயராக இருந்த ஹம்சாயினி குணரத்தினம், மூன்று வயதில் பெற்றோருடன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முதலில் வாழ்ந்த ஊர் ஹம்மர்பெஸ்ட். அங்கிருந்து தலைநகருக்கு வான்வழியில் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர். ஒஸ்லோ அம்மரூட்டில் உள்ள சிவசுப்பிரமணியர் ஆலயத்துத் திருவிழாவுக்கோ ஒரு கலியாணத்துக்கோ வடக்கிலிருந்து வரவேண்டிய குடும்பத்துக்கு, அந்தச் சிறிய ஓடுபாதையே தமிழ்ச் சமூகத்தோடு தங்களைச் சேர்த்துவைத்த பாலமாக இருந்தது.

இதற்கெல்லாம் யார் பணம் கொடுக்கிறார்கள் என்பது முக்கியமான கேள்வி. ஏனெனில் 39 இருக்கைகளில் பாதி காலியாகப் பறக்கும் விமானம், கட்டணத்தை மாத்திரம் நம்பி ஒருநாளும் பிழைக்க முடியாது. நோர்வேயில் இதற்கு இரண்டு வழிகள் செய்திருக்கிறார்கள். லாபம் தராத ஆனால் அவசியமான தடங்களைப் பொதுச்சேவைத் தடங்கள் என்று அரசாங்கம் அறிவித்து, தினம் இத்தனை பயணம், இத்தனை இருக்கை, இதற்கு மேற்படாத கட்டணம் என்று நிபந்தனை விதித்து, ஒப்பந்தப்புள்ளி கோரி, மிகக் குறைந்த மானியம் கேட்கும் கம்பெனிக்குச் சில ஆண்டுகளுக்கு அதை ஒப்படைக்கிறது. காலம் முடிந்ததும் மீண்டும் கோருகிறது. 1990களின் பிற்பகுதியிலிருந்து நடந்துவரும் முறை இது; 2024 ஏப்ரலில் இவ்வகைத் தடங்களின் உச்சக் கட்டணத்தைப் பாதியாகக் குறைத்தார்கள். இரண்டாவது வழி நிலையங்களைப் பற்றியது. நாட்டில் நாற்பதுக்கும் மேற்பட்ட விமான நிலையங்களை அவினோர் என்ற அரசு நிறுவனம் ஒரே குடும்பமாக நிர்வகிக்கிறது. ஒஸ்லோ போன்ற பெரிய நிலையங்களில் கிடைக்கும் லாபத்தைக் கொண்டு சிறியவற்றின் நஷ்டத்தை ஈடுசெய்கிறது. கார்டர்மூன் கடையில் ஒருவர் வாங்கும் வாசனைத் திரவியத்தின் விலையில் ஒரு பங்கு, அவர் தம் ஆயுளில் ஒருதரமும் காணப்போகாத வாட்சோவின் ஓடுபாதையில் பனி அள்ளப் பயன்படுகிறது. சமூகம் என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தோன்றவில்லை.

இந்த ஏற்பாட்டுக்குக் குறைகள் இல்லாமல் இல்லை. அந்தக் கரைகளின் காற்று கொடியது. 1982 மார்ச் 11ஆம் தேதி மேஹாம்ன் அருகே ஒரு ட்வின் ஒட்டர் விமானம் கடலில் விழுந்து அதிலிருந்த 15 பேரும் மாண்டார்கள். லொபோடன் தீவுகளில் ஒன்றான வேரோயில் 1986இல் கட்டிய விமான நிலையத்தை, 1990இல் நேர்ந்த விபத்துக்குப் பின் மூடியே விட்டார்கள். அதற்குப் பதிலாகப் பூடோவிலிருந்து ஹெலிகாப்டர் சேவையை அரசாங்கம் நடத்திவருகிறது. ஓடுபாதை தவறான இடத்தில் அமைந்தது என்பதை ஒப்புக்கொண்ட பிறகும் தீவைக் கைவிடாதிருந்தது கவனிக்கத் தக்கது. புகையால் வானம் வெப்பமடைவதைப் பற்றிய கவலையும் நியாயமானதே. ஆனால் அதை எல்லாத் தடங்களுக்கும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது. ஒஸ்லோவிலிருந்து பேர்கனுக்கு 1909 முதல் ரயில் இருக்கிறது. ஏறக்குறைய ஏழு மணிப் பிரயாணம் என்றாலும், நேரம் உள்ளவர் அதில் போகலாம். அதுவும் தவிர, நகர மத்தியிலிருந்து விமான நிலையத்துக்கு விரைவு ரயிலில் 19 நிமிஷம், சோதனை, காத்திருப்பு, பேர்கனில் இறங்கி ஊருக்குள் போவது எல்லாம் சேர்த்தால், 55 நிமிஷம் என்று சொல்லும் பிரயாணம் வீட்டு வாசலிலிருந்து மூன்று மணி ஆகிவிடும். வாட்சோக்காரருக்கு அந்த ரயில் இல்லை. மாற்றுவழி உள்ளவரைத் திருப்புவதும், இல்லாதவருக்கு வழியைக் காப்பதும் வெவ்வேறு காரியங்கள். 2040க்குள் உள்நாட்டு விமானங்களை மின்சாரத்தால் இயக்க வேண்டும் என்ற லட்சியத்தை அவினோர் வைத்திருக்கிறது. மின்கலத்தின் சக்தி நெடுந்தூரத்துக்குப் போதாதாகையால், அது முதலில் கைகூடுவதானால் இந்தக் குறுந்தடங்களிலேயே கைகூடும்.

நம் பக்கத்துக்கு வருவோம். யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து சென்னைக்கு வான்தூரம் ஏறத்தாழ 355 கிலோமீட்டர். ஒஸ்லோவுக்கும் பேர்கனுக்கும் உள்ள தூரத்தைவிடச் சற்றே அதிகம். 1947 டிசம்பரில் ஏர் சிலோன் தன் முதல் சேவையைக் கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கே நடத்தியது. இடையில் யுத்தம் அந்த வழியை அடைத்தது. யாழ்ப்பாணத்தார், வடக்கே கூப்பிடு தூரத்தில் இருக்கும் தமிழ்நாட்டுக்கு வர, ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தெற்கே கொழும்புக்குப் போய் விமானம் ஏற வேண்டியதாயிற்று. 2019 அக்டோபரில் பலாலி சர்வதேச நிலையமாகத் திறந்து, நவம்பரில் சென்னைச் சேவை தொடங்கி, நோய்த்தொற்றுக் காலத்தில் நின்று, 2022 டிசம்பரில் மறுபடி உயிர்பெற்றது. சேலத்தின் கதையும் இதை ஒத்ததே: 2018 மார்ச்சில் சென்னைக்கு விமானம் வந்தது, 2021இல் நின்றது, 2023 அக்டோபரில் திரும்ப வந்தது. இந்திய அரசாங்கத்தின் உடான் திட்டம் சிறு நகரங்களுக்கு விமானம் கொண்டுவந்த நல்ல திட்டம். ஆயினும் அதன் மானியம் மூன்று ஆண்டுகளுக்கே என்பதால், அந்தக் காலத்துக்குள் தன் காலில் நிற்க முடியாத தடம் சாய்ந்துவிடுகிறது.

சேலம் வாட்சோ அல்ல. சேலத்துக்கு ரயிலும் அகன்ற சாலையும் உண்டு. ஆகவே நோர்வேயை அப்படியே பின்பற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நாம் கற்றுக்கொள்ள வேண்டியது கேள்வி கேட்கும் முறையை. புதிய நிலையம் ஒன்றைத் திறக்கும் நாளில் எத்தனை கோடி, எத்தனை பயணிகள் என்று கேட்கிறோம். இதனால் யாருடைய எத்தனை மணி நேரம் மிச்சமாகிறது, அவருக்கு வேறு வழி உண்டா, கூட்டம் குறைந்த ஆண்டில் அந்தச் செலவை ஏற்பவர் யார் என்ற மூன்றையும் அதோடு கேட்க வேண்டும். இவற்றுக்கு விடை சொல்ல முடியாத இடத்தில் ஓடுபாதை கட்டுவது வீண் ஆடம்பரம். விடை தெரிந்த இடத்திலோ, 38 கிலோமீட்டருக்குக்கூட விமானம் விடுவது கடமை.